அக்கரை மலையின் கோடாலி

சரித்திரம் படிப்பித்து வயிறு வளர்த்தவன் நான். சயன்ஸ்காரர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் ஆகாது. தங்கள் பாடம் ஒன்றுதான் படிப்பு, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்ற நினைப்பு அவர்களுக்கு உண்டு. அந்த நினைப்பு தலை நிறைய இருந்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். பக்கத்து வகுப்பில் நின்று வருஷக்கணக்காக அவரோடு சண்டை போட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

விக்டோரியா டீச்சர் 1947-இல், சுதந்திரம் வந்த அந்த மழைக்காலத்தில், அருமனைப் பக்கத்திலிருந்த எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். ஊர் தேங்காய்ப்பட்டணம். அப்பா மரியான் கடலுக்குப் போகிறவர். அந்தக் கரையிலிருந்து ஒரு பெண்பிள்ளை திருவனந்தபுரம் போய் பிஸிக்ஸில் பட்டம் வாங்குவதெல்லாம் அப்போது சின்ன விஷயமில்லை. அதற்கு மேலும் படிக்க அவருக்கு ஆசை இருந்தது. தம்பி தங்கைகள் வரிசையாக நின்றதால் வேலைக்கு வந்துவிட்டார். இதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் சாயங்காலம் சயன்ஸ் அறையைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியே உள்ளே பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே இருந்ததோ ஓர் அலமாரி, ஒரு லாடக் காந்தம், முனை உடைந்த ஒரு பட்டகக் கண்ணாடி, எரியாத ஓர் அடுப்பு. அதைப் பார்க்க ஒரு ஆள் அப்படி நிற்கிறதென்றால் மனசுக்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

வந்த அன்றே தலைமையாசிரியர் பெண்பிள்ளைகளுக்கான தையல் வகுப்பையும் அவர் தலையில் கட்டப் பார்த்தார். தனக்கு ஊசி பிடிக்க வராது, வலை பொத்தத்தான் தெரியும், வேண்டுமானால் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார் டீச்சர். தலைமையாசிரியர் அதற்குப் பிறகு தையல் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் மலையிலிருந்து காணிக்காரப் பிள்ளைகள் சிலர் உயர்நிலைப் பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பேச்சிப்பாறை அணைக்கு மேலே காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த குடிகளிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்குப் பின்னால் ஓலை வேய்ந்த விடுதி ஒன்று அவர்களுக்கு இருந்தது. கடைசி பெஞ்சுதான் உங்களுக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவர்கள் அங்கேதான் உட்கார்ந்தார்கள். கீழ்நாட்டுப் பிள்ளைகள் அவர்களை மலையான் என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற முறையிலேயே ஓர் இளப்பம் இருக்கும். காட்டில் நெல்லும் மரச்சீனிக் கிழங்கும் விளையும் சமயம் பன்றிக்கும் யானைக்கும் காவலிருக்க ஆள் வேண்டுமென்று அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை.

ஒருநாள் நாலாம் பாரத்தில், இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பில், டீச்சர் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணால் கண்டும் காரணம் தெரியாத ஒரு விஷயத்தை ஆளுக்கொன்றாகக் கேளுங்கள் என்றார். முன் பெஞ்சுக்காரர்கள் பரீட்சைக்கு வருகிற கேள்விகளாகப் பார்த்துக் கேட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஈச்சன் எழுந்தான். மெலிந்த பையன். பேசுவதற்கு முன்னால் கழுத்தைச் சற்றுச் சாய்த்துக்கொள்வான்.

"டீச்சர், எங்கப்பன் அக்கரை மலையில மரம் வெட்டுவாரு. நான் இக்கரையில நின்னு பாத்தா, கோடாலி மரத்துல விழும்போ சத்தமில்ல. அது திரும்ப மேல போவும்போதான் சத்தம் வருகு. அது என்னத்துக்கு?"

அன்று மத்தியானம் டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்த வேகத்தைப் பார்த்து யாருக்கோ பாம்பு கடித்துவிட்டது என்றே நினைத்தேன். யாருமே சொல்லிக் கொடுக்காமல் ஒரு பையன் இதைக் கவனித்திருக்கிறான் பாருங்கள் என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, உண்மை. மயிலாடியில் பிறந்தவன் நான். விடிந்தால் அடைந்தால் கல்லுளிச் சத்தம்தான். தெருக்கோடியில் கல் கொத்துகிறவரைத் தூரத்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒருநாளாவது எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

காரணம் இதுதான் என்று டீச்சர் வகுப்பில் உடனே சொல்லவில்லை. அடுத்த நாள் வகுப்பு முழுவதையும் வெளியே ஓட்டிக்கொண்டு போனார். பள்ளிக்குக் கீழே வயல், வயலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் ரப்பர் தோட்டம். பிள்ளைகளை இந்தக் கரையில் நிறுத்திவிட்டு, ஒரு கோடாலியைக் கொடுத்து என்னை அந்த மேட்டுக்கு அனுப்பினார். சரித்திர வாத்தியாரான நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க ஒரு பட்ட மரத்தை ஓங்கி ஓங்கி வெட்டினேன். வயலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கூத்தாடினார்கள். கோடாலி விழுகிறது, பிறகு சத்தம் வருகிறது என்று அவர்களுக்குக் கண்ணும் காதும் தனித்தனியாகப் புரிந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. என் காதில் வெட்டிய உடனேதான் கேட்டது. கை கொப்பளித்துப்போய்த் திரும்பி வந்து, இதில் என்ன அதிசயம், எனக்கு ஒன்றும் பிந்தி வரவில்லையே என்றேன். வெட்டுகிறவனுக்கு எப்படிப் பிந்தும் சார் என்று டீச்சர் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் ஈச்சன் வகுப்பில் வாய்விட்டுச் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

வெளிச்சமும் சத்தமும் ஒரே வேகத்தில் வருவதில்லை என்று பிறகு டீச்சர் விளக்கினார். அன்றோடு ஈச்சன் கடைசி பெஞ்சை விட்டான். சாயங்காலம் சயன்ஸ் அறை ஜன்னலில் டீச்சர் நிற்கும்போது பக்கத்தில் அவனும் நிற்பான். பட்டகத்தை வெயிலில் பிடித்துச் சுவரில் நிறங்களை விழவைப்பான். காந்தத்தை வைத்துக்கொண்டு ஆணிகளைத் துரத்துவான். அணைத் தண்ணீர் வாய்க்காலில் ஏன் இந்த வேகத்தில் போகிறது என்று கேட்பான். இவன் சயன்ஸ் படித்துக் கல்லூரிக்குப் போயே ஆக வேண்டும் என்று டீச்சர் மனசில் விழுந்துவிட்டது. அவர் ஒன்றை நினைத்தால் நினைத்ததுதான். காணிக்காரப் பையனுக்குக் கல்லூரியா என்று கேட்ட தலைமையாசிரியரிடம், முக்குவப் பெண்ணுக்குக் கிடைத்ததே என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு கோடை விடுமுறையில் பையனின் தகப்பனிடம் பேசுவதற்காக மலைக்குப் புறப்பட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். ஈச்சன் முன்னால் நடந்து வழி காட்டினான். அவன் வீடிருந்த ஈத்தக்காட்டுக் குடிக்குப் போகும் ஏற்றத்தில் பிரம்பு முள் டீச்சரின் காலைக் கிழித்துவிட்டது. ஈச்சன் புதருக்குள் நுழைந்து ஏதோ இலையைப் பறித்து வந்து கசக்கிக் காயத்தில் வைத்துக் கட்டினான். இது என்ன இலை என்று டீச்சர் கேட்டார். அவன் காதில் விழாதவன் போலிருந்தான். கட்டி முடித்து, ஓடையில் கையைக் கழுவி, கையை உதறிக்கொண்டு வந்த பிறகுதான் இலையின் பெயரைச் சொன்னான். காது மந்தமா உனக்கு என்று நான் கேலி செய்தேன். அவன் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தான்.

அவன் தகப்பன் மாத்தன்காணி எங்களுக்கு மரச்சீனியும் தேனும் தந்து உட்கார வைத்தார். டீச்சர் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"படிச்சவன் தாழப் போவான். பொறவு மேல வருவானா டீச்சர்?"

"நான் படிச்ச பொறவும் மாசந்தோறும் கடப்புறத்துக்குப் போயிட்டுத்தான் இருக்கேன். மீன் மணம் என்னை விட்டுப் போவல்ல பாத்துக்கிடுங்க" என்றார் டீச்சர்.

மாத்தன்காணி சிரித்துவிட்டார். சம்மதம் கிடைத்துவிட்டது. அவர் மடியில் சாய்ந்துகொண்டு ஒரு சின்னப் பெண் எங்களையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈச்சனின் தங்கை மாதேவி.

1951-இல் ஈச்சன் பள்ளி இறுதித் தேர்வில் தேறினான். கணக்கும் சயன்ஸும் நன்றாக இருந்தன. இங்கிலீஷ் மட்டும் தட்டுத் தடுமாறிக் கரை சேர்ந்திருந்தது. அந்த மதிப்பெண்ணுக்குச் சயன்ஸ் பிரிவில் இடம் கிடைப்பது சந்தேகம். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், நேரில் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். டீச்சருக்குத் தூக்கம் போய்விட்டது. பேராசிரியர் மனசில் பையனை எப்படிப் பதிய வைப்பது என்பதே கவலை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மலையிலிருந்து பச்சிலைகள் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொன்றையும் எடுத்து இது இன்னது, இன்னதற்கு ஆகும் என்று பையன் சொன்னால் பேராசிரியர் அசந்துபோவார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். காணிக்காரன் என்றால் பச்சிலை என்றுதானே நமக்கெல்லாம் நினைப்பு வரும். ஈச்சன் மட்டும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, நான் அந்தக் கோடாலிச் சத்தத்தைப் பற்றிச் சொல்லட்டுமா டீச்சர் என்று கேட்டான்.

"அது எல்லாரும் புஸ்தகத்துல படிக்கிறது மக்கா. இலை உனக்கு மட்டும் தெரிஞ்சது" என்றார் டீச்சர்.

அவன் மறுத்துப் பேசவில்லை. மலைக்குப் போய் இலைகளைப் பறித்து வாழையிலையில் சுற்றி, நார் போட்டுக் கட்டிக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்தான். புது வேட்டி, டீச்சர் தைக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினோம். வழி முழுக்க டீச்சர் வாய் ஓயவில்லை. விடுதியில் சோறு எப்படியிருக்கும், ஆய்வுக்கூடத்தில் என்னென்ன இருக்கும், இருட்டறையில் வெளிச்சத்தை வைத்து என்னவெல்லாம் செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கேட்டால் அவரே சேரப் போகிறார் என்று நினைப்பீர்கள். ஈச்சன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

பேராசிரியர் நல்ல மனிதர். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தாவர சாஸ்திரக்காரர், நரைத்த தலை, அன்பான பேச்சு. டீச்சரை வாசல் பக்கத்தில் நிற்க அனுமதித்தார். நான் வராந்தா ஜன்னலில் நின்றேன். வாழையிலைக் கட்டைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இலையோடிருந்த ஒரு கொம்பை எடுத்தார். பையன் கூச்சப்படுகிறான் என்று நினைத்தோ என்னவோ, அதை அவன் கையிலேயே கொடுத்து, இது என்ன மோனே என்று கேட்டார்.

ஈச்சன் பேசவில்லை.

பரவாயில்லை என்று இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அதற்கும் பேச்சில்லை. பேராசிரியர் அவசரப்படவில்லை, மூன்றாவதையும் கொடுத்தார். இரண்டு கையிலும் இலைகளை ஏந்திக்கொண்டு அவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வாசலிலிருந்து டீச்சர், சொல்லு மக்கா, சொல்லு என்று உதடு மட்டும் அசைய மன்றாடினார். அவன் கழுத்து சாய்ந்தது, நிமிர்ந்தது. வாய் திறக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது எனக்கு ஜன்னலிலிருந்தே தெரிந்தது. பயந்துவிட்டான் பாவம் என்றார் பேராசிரியர். சொந்தக் காட்டு இலையையே தெரியாத பையன் சயன்ஸ் பிரிவில் சிரமப்படுவான், கலைப்பிரிவில் இடம் தருகிறேன் என்று முடித்துவிட்டார். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெளியே வரிசையில் வேறு பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோபத்தில் அவர் மூக்கு சிவந்திருந்தது. நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகு திரும்பி, ஏன்டே வாயடைச்சுப் போன என்று கேட்டார். ஈச்சன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மருந்த கையில வச்சுகிட்டு அதுக்க பேரு சொல்லப்பிடாது டீச்சர். சொன்னா மருந்து செத்துப்போவும். எங்கப்பன் வகையில அப்படியாக்கும். மேசையில வச்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ மேசையில வச்சிருக்கலாமே."

"பெரிய சார் கையில தந்தாருல்லா. தந்தத அவருக்க முன்ன வச்சே கீழ எப்படி வைக்கியது?"

வாங்கியதைக் கீழே வைப்பது மரியாதையில்லை. கையில் வைத்துக்கொண்டு பெயர் சொல்வது பாவம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. டீச்சர் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். காலில் இலை வைத்துக் கட்டிய அன்றைக்கும் இவன் கையைக் கழுவிய பிறகுதானே பெயரைச் சொன்னான், நான் கண்டேனே, கண்டும் கேட்காமல் போனேனே என்று முக்காட்டுக்குள்ளிருந்து அழுதார். அவன் ஆசைப்பட்டதைச் சொல்ல விட்டிருக்கலாமே என்றும் சொன்னார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கலைப்பிரிவு என்றால் என்ன குப்பைமேடா என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது. மார்த்தாண்டத்தில் இறங்கியதும் ஈச்சனைத் தனியே கூப்பிட்டு, சரித்திரம் படியேன், அதிலும் எவ்வளவோ இருக்கிறது என்றேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். "அதுல சத்தத்தைப் பத்தி வருமா சாரே?" என்று கேட்டான். வராது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் எப்படியும் சேர்த்துவிடலாம் என்று டீச்சர் நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த மழையில் மாத்தன்காணியின் மேல் வெட்டிய மரம் சரிந்து இடுப்பு போய்விட்டது. மறு கோடையில் டீச்சர் மலையேறிப் போனபோது ஈச்சன் தகப்பனின் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தான். வீட்டில் வேறு ஆண் துணையில்லை. டீச்சர் கேட்பதற்கு முன்னாலேயே அவன் சொல்லிவிட்டான், தன்னால் வர முடியாதென்று. உள்ளே போய்த் தங்கையின் கையைப் பிடித்து அழைத்து வந்தான். இவளைக் கூட்டிப் போங்க டீச்சர், கணக்கு நல்லா போடுவா என்றான். அணைக்குக் கீழே இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் அவள் அதுவரை படித்திருந்தாள்.

மாதேவியைக் கூட்டிக்கொண்டுதான் டீச்சர் இறங்கினார். ஆனாலும் ஈச்சனை அவர் விடவில்லை. ஆனி மாதம் கல்லூரி திறக்கும் சமயம் வந்தால் சயன்ஸ் அறை வாசலில் நின்று மலைப்பாதையைப் பார்ப்பார். மேகம் இறங்கி மலை மறைந்தாலும் பார்ப்பார். மலைச் சந்தையிலிருந்து வருகிறவர்களிடம் ஈச்சன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். இருக்கான் டீச்சர் என்பார்கள். வேறென்ன சொல்வார்கள். ஒருமுறை நான் வாய்விட்டே கேட்டேன், வராதவனுக்காக எத்தனை காலம் வாசலில் நிற்பீர்கள் என்று. வராதவன் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம் என்று என் மேல் எரிந்து விழுந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சயன்ஸ் அறையில் ஒரு பழக்கம் புதிதாக வந்தது. எந்தப் பொருளையும் டீச்சர் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டார். இலையோ கல்லோ காந்தமோ, மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொள்வார். பிறகுதான் கேள்வி. கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. காணிக்காரப் பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் மெல்ல மெல்ல முன் பெஞ்சுகளுக்கு வந்துவிட்டார்கள்.

1956 வந்தது. எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னையோடு சேரப்போகின்றன என்று முடிவாகியிருந்தது. அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று உத்தியோகஸ்தர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். திருவனந்தபுரத்துக்கு மாறிக்கொண்டால் விட்ட படிப்பைத் தொடரலாம் என்று டீச்சருக்கு ஒரு வழி திறந்தது. பிஸிக்ஸ் மேல்படிப்பு, இளமையிலிருந்தே ஆசைப்பட்டது. நான் கூடப் போகச் சொன்னேன். அவர் போகவில்லை. ஈச்சன் என்றைக்காவது இறங்கி வந்து பார்க்கும்போது அறை பூட்டிக் கிடக்கக் கூடாது சார் என்றார்.

அந்த வருஷம்தான் மாதேவி பள்ளி இறுதியில் தேறினாள். மறுபடியும் அதே கல்லூரி, அதே நரைத்த பேராசிரியர். பஸ்ஸில் இந்தத் தடவை டீச்சர் வாய் திறக்கவில்லை. வாழையிலைக் கட்டு எதுவும் கையிலில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. என்ன கேட்டாலும் உனக்குத் தோணினதைச் சொல்லு மக்கா என்று மட்டும் வாசலில் வைத்துச் சொன்னார்.

நான் பழைய ஜன்னலுக்கே போனேன். பேராசிரியரின் மேசைக்குப் பின்னால் தொட்டியில் ஏதோ செடி வளர்ந்திருந்தது. பெண் மலையிலிருந்து வருகிறாள் என்று தெரிந்ததும் அவர் கை அந்தச் செடியின் பக்கம் போனது. டீச்சர் வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளையாக அவர் இலையைப் பறிக்கவில்லை. ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, சயன்ஸ் ஏன் படிக்க வேண்டும் என்று நினைக்கிறாய் என்று கேட்டார்.

மாதேவி கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கும் கழுத்து அதே போல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எங்கண்ணன் அக்கரை மலையில மரம் வெட்டுவான். நான் இக்கரையில நின்னு பாப்பேன். கோடாலி விழுந்த பொறவுதான் சத்தம் வருகு. அதுக்கு காரணம் டீச்சர் சொல்லித் தந்தாவ. ஆனா காத்து மாறி அடிச்சா சத்தமும் மாறுகு. மஞ்சு எறங்குனா வேற மாதிரி கேக்குகு. அது என்னத்துக்குன்னு எனக்கு அறியணும்."

பேராசிரியர் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் பக்கத்து அறையிலிருந்து பிஸிக்ஸ் ஆசிரியரைக் கூப்பிட்டு, இந்தக் குழந்தை சொல்வதைக் கேளுங்கள் என்றார். சயன்ஸ் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. இவ்வளவு எளிதாகக் கிடைக்கிற ஒன்றுதானா அது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வெளியே வந்தபோது டீச்சர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். இடம் கிடைத்துவிட்டதே, எதற்கு இப்போது அழுகை என்று அதட்டினேன். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியுமே.

செய்தியைச் சொல்ல மறுநாளே மூவரும் மலையேறினோம். இந்தத் தடவையும் பிரம்பு முள் டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தது. ஈத்தக்காட்டுக் குடியை அடைவதற்கு முன்னால் ஒரு திறப்பான இடம் வரும். நடுவில் பள்ளம், எதிரே மலைச்சரிவு. மாதேவி கையை நீட்டிக் காட்டினாள். எதிர்ச் சரிவில் சட்டையில்லாத ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். அவன் கோடாலி மேலே போனது, மரத்தில் விழுந்தது, மறுபடி மேலே போனது. அப்போதுதான் சத்தம் வந்து எங்களைத் தொட்டது. டீச்சர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மரம் சாயும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாதேவி கூவிக் கூப்பிட, ஈச்சன் பள்ளத்தில் இறங்கி இக்கரை ஏறி வந்தான். தோள் அகன்று நல்ல ஆம்பிளையாகியிருந்தான். டீச்சரைக் கண்டதும் கோடாலியை ஓர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். தங்கைக்கு இடம் கிடைத்ததைக் கேட்டு அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். என்ன கேட்டாங்க, என்ன சொன்னா என்று எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டான். காற்று மாறினால் சத்தம் மாறுகிறது என்று அவள் சொன்ன இடத்தில், அது நான் யோசிக்கல்லியே என்று தங்கையின் தலையில் செல்லமாகத் தட்டினான்.

டீச்சர்தான் கடைசியில் கேட்டார். "ஒனக்கு ஒண்ணும் தோணல்லியா மக்கா? நீ கேட்ட கேள்வியாக்கும் அது."

ஈச்சன் எதிர்ச் சரிவைப் பார்த்தான். அவன் வெட்டிய மரம் அங்கே கிடந்தது.

"இக்கரையில நிக்கியவளுக்குத்தான் டீச்சர் சத்தம் பிந்தி வரும். அவளுக்குத்தான் அது என்னன்னு கேக்கத் தோணும். வெட்டுகவனுக்கு அப்பவே கேட்டுருது."

எட்டு வருஷத்துக்கு முன்னால் வயல் மேட்டில் கோடாலியோடு நின்ற நான் இதையேதான் சொன்னேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். டீச்சர் அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவன் வெட்கப்பட்டுக் கையை விடுவித்துக்கொண்டு, பொழுது சாயுமுன் கிளையைக் கழித்தாக வேண்டும் என்று சொல்லிப் பள்ளத்தில் இறங்கினான். தகப்பனிடம் செய்தி சொல்ல மாதேவியைக் குடிக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் மலையிறங்கத் தொடங்கினோம். முதுகுக்குப் பின்னால் கோடாலிச் சத்தம் எழுந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் டீச்சர் ஒரு கணம் நின்று நின்று நடந்தார். நான் அவரை அவசரப்படுத்தவில்லை.